இரண்டாம் உலகப் போரை எங்கே நிறுத்தியிருக்கலாம்? என் பதில்: 1935, சூயஸ்

வாசகர் கேள்வி: "1929 முதல் 1939 வரை நடந்ததை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், போரைத் தடுக்க இருந்த உண்மையான வாய்ப்பு மியூனிக்தான். 1938 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் விட்டுக்கொடுக்காமல் நின்றிருந்தால் ஹிட்லர் பின்வாங்கியிருப்பார். யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?"

மார்ச் 2, இரவு 10.40

எனக்கு உண்டு.

செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தத்தைச் சொல்வது எல்லாருக்கும் சுலபம். விமானத்திலிருந்து இறங்கிக் காகிதத்தை ஆட்டிக் காட்டும் சேம்பர்லினின் படம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் ஹிட்லர் கையில் என்னென்ன இருந்தது என்று பாருங்கள். 1935 மார்ச்சில் கட்டாய ராணுவ சேவை வந்துவிட்டது. 1936 மார்ச்சில், ஜெர்மனி படை வைக்கக் கூடாது என்றிருந்த எல்லைப் பகுதியான ரைன்லாந்து, 1938 மார்ச்சில் ஆஸ்திரியா. தெற்கே கூட்டாளியாக இத்தாலியின் முசோலினி. ஆஸ்திரியா போனதோடு செக்கோஸ்லோவாகியா மூன்று பக்கமும் வளைக்கப்பட்டுவிட்டது. இத்தனையும் கொடுத்து முடித்த பிறகு மியூனிக்கில் உறுதியாக நின்றிருக்கலாமே என்று கேட்பதில் நியாயம் உண்டு, ஆனால் அப்போது நிற்பதற்கு ஆன விலை மூன்று வருஷத்துக்கு முன்பு ஆகியிருக்கக்கூடிய விலையைவிடப் பல மடங்கு.

1935 அக்டோபர் 3ஆம் தேதி இத்தாலியப் படை எரித்திரியாவிலிருந்து மரேப் ஆற்றைத் தாண்டி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. போர்ப் பிரகடனம்கூட இல்லை. எத்தியோப்பியா (அப்போது அபிசீனியா என்பார்கள்) 1923லிருந்து பன்னாட்டுச் சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) உறுப்பினர். ஒரு உறுப்பினர் இன்னொரு உறுப்பினரைத் தாக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த விதி இருந்தது, நான்கே நாளில் இத்தாலிதான் குற்றவாளி என்று சங்கத்தின் தலைமையிடமான ஜெனீவாவில் முடிவும் சொன்னார்கள். முசோலினியை நிறுத்த இரண்டு குழாய்களை மூடினால் போதும். ஒன்று பெட்ரோலியம், இன்னொன்று சூயஸ் கால்வாய். இரண்டையும் மூடவில்லை. என் கட்சி இதுதான்.

மார்ச் 3, காலை 6.15

"கால்வாயை மூடுவதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும், நடைமுறையில் முடியுமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் தூத்துக்குடிக்காரன், பல வருஷம் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவன், சூயஸைக் கடந்திருக்கிறேன். அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கால்வாய் வாசலில் போய் நின்றவுடன் உள்ளே விட்டுவிட மாட்டார்கள். முதலில் நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும். சூயஸுக்கென்றே தனியாக எடுத்த டன்னேஜ் சான்றிதழைப் பார்த்துக் கட்டணம் போடுவார்கள், அது முன்கூட்டியே கட்டப்பட்டிருக்க வேண்டும். முகப்பில் பெரிய சர்ச்லைட் மாட்டுவார்கள். கயிறு கட்டும் ஆட்கள் தங்கள் படகோடு வருவார்கள், அந்தப் படகை நம் கிரேனால் தூக்கி மேல்தளத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பைலட், அதாவது கால்வாயில் கப்பலுக்கு வழிகாட்டுகிறவர், ஏறுவார். அதற்கப்புறம்தான் வரிசையில் நம் கப்பலுக்கு இடம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல், சைக்கிள் வேகத்தில் போக வேண்டும். எஞ்சின் ரூமில் எல்லாரும் ஸ்டாண்ட்பை, ஜெனரேட்டர்கள் எல்லாம் ஓடும், பிரிட்ஜிலிருந்து எந்த நிமிஷம் ஆர்டர் வந்தாலும் எஞ்சின் கீழ்ப்படிய வேண்டும். ஓய்வு கிடைத்து மேலே வந்து பார்த்தால் இரண்டு பக்கமும் மணல் கையெட்டும் தூரத்தில் இருப்பது போல இருக்கும், நாம் கடக்கும்போது கரைத் தண்ணீர் உள்ளே இழுபட்டுப் பிறகு திரும்ப ஏறும்.

பைலட் ஏறவில்லை என்றால் எந்தக் கப்பலும் அங்கே ஒரு முழம் நகராது. பீரங்கி வேண்டாம், கண்ணிவெடி வேண்டாம். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒரே கப்பல் குறுக்கே மாட்டி ஆறு நாள் உலகத்தின் மூச்சை நிறுத்தியதைப் பார்த்தோமே. 1935இல் கால்வாய்க் கம்பெனி பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது, பங்குகளில் சுமார் 44 சதவீதம் 1875லிருந்து பிரிட்டிஷ் அரசிடம், எகிப்து மண்ணில் பிரிட்டிஷ் படை, அலெக்சாந்திரியாவில் பிரிட்டிஷ் கடற்படை. ஜெனீவாவில் இத்தாலியைக் கண்டித்துக் கை தூக்கிய இரண்டு பெரிய நாடுகளின் கையில்தான் அந்த வாசல் முழுக்க இருந்தது.

அந்த வாசல் வழியாக லட்சக்கணக்கான சிப்பாய்கள் போனார்கள். கால்வாயின் வடக்கு வாசலான போர்ட் சையதில் மரியா ஊவா என்ற இத்தாலியப் பெண் கரையில் நின்று, கடந்து போகும் ஒவ்வொரு துருப்புக் கப்பலுக்கும் பாட்டுப் பாடி வழியனுப்பினார், இத்தாலியில் அதற்காகவே பெரும் புகழ் பெற்றார். கட்டணம் கட்டினார்கள், பைலட் ஏறினார், போனார்கள்.

மார்ச் 3, இரவு 9.05

சட்டம் படிக்கும் தம்பிக்கு: நீங்கள் சொல்வது சரி, 1888 கான்ஸ்டான்டினோபிள் உடன்படிக்கைப்படி போர்க்காலத்திலும் எல்லா நாட்டுக் கப்பலுக்கும் கால்வாய் திறந்திருக்க வேண்டும். லண்டனும் பாரிஸும் அன்றைக்கு அதைத்தான் சொன்னார்கள். ஆனால் சங்க சாசனத்தின் 20ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சாசனத்தோடு ஒத்துப்போகாத பழைய கடப்பாடுகள் எல்லாம் உறுப்பினர்களுக்கிடையே செல்லாது என்று அதில் இருக்கிறது. இத்தாலியும் அதில் கையெழுத்துப் போட்ட நாடு. 16ஆவது பிரிவு, சாசனத்தை மீறிப் போருக்குப் போகிறவன் எல்லா உறுப்பினர் மீதும் போர் தொடுத்ததாகவே கருதப்படுவான் என்கிறது. வாதாட இடம் தாராளமாக இருந்தது. அதுவும் போக, முதல் உலகப் போரிலும் சரி, இரண்டாவதிலும் சரி, எதிரிக் கப்பல் ஒன்றையும் பிரிட்டன் அந்த வழியாக விடவில்லை. தன் போர் என்றால் 1888 குறுக்கே வரவில்லை.

மார்ச் 5, மாலை 4.30

இப்போது எண்ணெய்.

1935 நவம்பர் 18 முதல் பொருளாதாரத் தடை அமலுக்கு வந்தது. ஐம்பது நாடுகள் அளவுக்குச் சேர்ந்தன, ஆஸ்திரியா, ஹங்கேரி, அல்பேனியா மாதிரி சில விலகி நின்றன. ஆயுதம் விற்கக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது, இத்தாலியிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது. இத்தாலிக்கு ஏற்றுமதி செய்யக் கூடாத பொருள்களின் பட்டியலைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. குதிரை, கோவேறு கழுதை, ஒட்டகம் எல்லாம் அதில் இருக்கின்றன. ரப்பர், தகரம், நிக்கல், குரோமியம் இருக்கின்றன. அலுமினியம் இருக்கிறது, அது இத்தாலியிடமே தேவைக்கு மேல் இருந்த உலோகம். இரும்புத் தாது உண்டு, எஃகு இல்லை. நிலக்கரி இல்லை. பெட்ரோலியம் இல்லை.

எண்ணெயில் ஓடும் எஞ்சினோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் போரே எண்ணெயில் ஓடிய போர். துருப்புக் கப்பலுக்கு எண்ணெய், மலைப் பாதையில் தண்ணீரும் குண்டும் ஏற்றிப் போகும் லாரிக்குப் பெட்ரோல், விமானத்துக்குப் பெட்ரோல். 1936 ஏப்ரல் கடைசியில் டெஸ்ஸியிலிருந்து தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு இத்தாலியத் தளபதி பாடோலியோ படையைக் கொண்டுபோனது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில். இத்தாலியிடம் சொந்த எண்ணெய் கிடையாது என்றே சொல்லலாம். அவர்கள் ஆண்ட லிபியாவின் மணலுக்கடியில் கடலளவு எண்ணெய் இருந்தது, ஆனால் அது 1959இல்தான் தெரிய வந்தது.

தடுத்தால் பலன் இருந்திருக்குமா? சங்கத்தின் நிபுணர் குழுவே 1936 பிப்ரவரியில் கணக்குப் போட்டது. அமெரிக்கா தன் விற்பனையை வழக்கமான அளவோடு நிறுத்திக்கொண்டால், மூன்று முதல் மூன்றரை மாதத்தில் தடை வேலை செய்யும் என்றது. அமெரிக்கா சங்கத்தில் இல்லை, அது கூடுதலாக விற்கும் என்பதுதான் எல்லாரும் சொன்ன சாக்கு. முசோலினி என்ன நினைத்தார் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் பால் ஷ்மிட், மியூனிக் மாநாட்டில் முசோலினி ஹிட்லரிடம் சொன்னதாகப் பதிவு செய்திருக்கிறார்: எண்ணெயையும் தடையில் சேர்த்திருந்தால் ஒரு வாரத்துக்குள் நான் அபிசீனியாவிலிருந்து வெளியேற வேண்டியிருந்திருக்கும். ஒரு வாரம் என்பது மிகையாக இருக்கலாம். ஆனாலும் அந்தப் பயம் இருந்தது என்பதே எனக்குப் போதும். கேள்வி கேட்ட நண்பர் கவனிக்க, இதை அவர் சொன்ன இடம் மியூனிக்.

மார்ச் 6, இரவு 11.50

இன்று வந்ததில் கனமான மறுப்பு இதுதான்: "1941இல் ஜப்பானுக்கு அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. விளைவு பேர்ல் ஹார்பர் தாக்குதல். எண்ணெயை நிறுத்தினால் போர் நிற்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

பகல் முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நல்ல கேள்வி. எண்ணெயை நிறுத்தினால் அது போர் என்றே எடுத்துக்கொள்வேன் என்று முசோலினியும் மிரட்டினார். லண்டனில் கடற்படைத் தளபதிகள் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வெறிபிடித்தவன் மாதிரி பிரிட்டிஷ் தளமான மால்டா மீதோ அலெக்சாந்திரியா மீதோ விமானத் தாக்குதல் நடத்தினால் கப்பல்கள் போகும், அந்த நேரம் பார்த்துக் கிழக்கே ஜப்பான் கை வைக்கும் என்பது அவர்கள் பயம். மால்டாவின் விமான எதிர்ப்பு அப்போது பலவீனமாகத்தான் இருந்தது. உலகக் கடல் முழுக்கக் காவல் காக்கும் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பல் போனாலும் பெரிய நஷ்டம். இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

ஆனால் ஜப்பானையும் இத்தாலியையும் ஒரே தட்டில் வைக்க முடியவில்லை. ஜப்பானுக்கு எட்டும் தூரத்தில் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன, போய்ப் பிடிக்கக் கடற்படையும் இருந்தது. அவர்கள் போரில் இறங்கியதே அதைப் பிடிக்கத்தான். 1935இல் இத்தாலி யாரிடமிருந்து எண்ணெயைப் பிடுங்கியிருக்கும்? ருமேனியாவுக்குப் போக வழியில்லை. சண்டை மூண்டால் அதன் பெரும் படை கால்வாய்க்கு அந்தப் பக்கம், தாய்நாட்டோடு தொடர்பு அறுந்து நின்றிருக்கும்.

இது ஊகம் இல்லை, பிறகு நடந்தே விட்டது. 1940 ஜூன் 10இல் இத்தாலி போரில் இறங்கியது, கால்வாய் அதற்கு மூடியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த இத்தாலியப் படைக்கு டயரும் பெட்ரோலும் உதிரிபாகமும் வரத்து நின்றது. அடுத்த மே மாதம் அங்கிருந்த இத்தாலியத் தளபதி அயோஸ்டா கோமகன் எத்தியோப்பியாவின் அம்பா அலாகியில் சரணடைந்தார். எரித்திரியாவில் கெரென் மலையைப் பிடிக்க 1941 பிப்ரவரி, மார்ச்சில் ரத்தம் சிந்தியது இந்தியாவின் 4ஆவது, 5ஆவது டிவிஷன்கள். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு பைலட்டை ஏற்றாமல் விட்டிருந்தால் முடிந்திருக்கக்கூடிய வேலைக்கு நம் ஊர்களிலிருந்து போன பையன்கள் அங்கே புதைந்து கிடக்கிறார்கள். இதை நான் கோபமில்லாமல் எழுத முடியாது.

மார்ச் 7, காலை 7.20

ஒரு திருத்தம். மேலே ஒருவர் இத்தாலி 1935லேயே சங்கத்தை விட்டு வெளியேறியதாக எழுதியிருக்கிறார். வெளியேறியது 1937 டிசம்பர். எத்தியோப்பியாவை விழுங்கும் வரைக்கும், விழுங்கிய பிறகும்கூட, அதே சபையில் உட்கார இடம் வைத்திருந்தது. 1933இல் வெளியேறியவை ஜப்பானும் ஜெர்மனியும்.

மார்ச் 8, பகல் 2.10

"எத்தியோப்பியாவுக்கும் ஹிட்லருக்கும் என்ன சம்பந்தம், அது ஆப்பிரிக்கச் சண்டை" என்று இரண்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சம்பந்தம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

1934 ஜூலை 25. வியன்னாவில் ஆஸ்திரியப் பிரதமர் டோல்ஃபுஸை அந்நாட்டு நாஜிகள் அவர் அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அன்றைக்கு ஐரோப்பாவில் படையை நகர்த்திய ஒரே ஆள் முசோலினி. ஆஸ்திரிய எல்லையில் இருக்கும் பிரென்னர் கணவாய்க்குத் துருப்புகளை அனுப்பினார், ஹிட்லர் கையைச் சுருட்டிக்கொண்டார். அடுத்த ஏப்ரலில் இத்தாலியின் ஸ்ட்ரேசாவில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் ஜெர்மனிக்கு எதிராகக் கூட்டறிக்கை விட்டன. இரண்டே மாதத்தில், ஜூன் 18இல், பிரிட்டன் யாரையும் கேட்காமல் ஜெர்மனியோடு தனியாகக் கடற்படை ஒப்பந்தம் போட்டு, எங்கள் பலத்தில் 35 சதவீதம் நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. பாரிஸுக்கும் ரோமுக்கும் அது முதுகில் குத்து.

பிறகு அக்டோபரில் எத்தியோப்பியா. பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் முசோலினியைப் பகைத்துக்கொள்ளவும் கூடாது, சங்கத்தைக் கைவிட்டதாகவும் இருக்கக் கூடாது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. அரைகுறைத் தடை போட்டார்கள். அது இத்தாலியின் போரை நிறுத்தவில்லை, ஆனால் அவமானப்படுத்தியது. பட்டியலில் இல்லாவிட்டாலும் பிரிட்டிஷ் நிலக்கரியின் வரத்துக் குறைந்தது, அந்த இடத்தில் ஜெர்மன் நிலக்கரி வந்து இறங்கியது.

1936 மார்ச் 2ஆம் தேதி ஒருவழியாகப் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஈடன் ஜெனீவாவில் எண்ணெய்த் தடைக்குப் பிரிட்டன் தயார் என்றார். பிரான்ஸ் இன்னொரு தடவை சமரசம் பேசிப் பார்ப்போம் என்றது. ஐந்தே நாள், மார்ச் 7, ஜெர்மன் படை ரைன்லாந்துக்குள் நுழைந்தது. அதைத் தடுக்கக் கடமைப்பட்டிருந்த, ஜெர்மனியின் மேற்கு எல்லையைக் காக்கும் லொகார்னோ ஒப்பந்தத்தின் உத்தரவாதிகள் இரண்டே பேர், பிரிட்டனும் இத்தாலியும். இத்தாலி மீது தடை போட்டுக்கொண்டே அதனிடம் உதவி கேட்க முடியுமா? எண்ணெய்த் தடை அதோடு மூலைக்குப் போனது.

அதே வருஷம் நவம்பரில் முசோலினி ஜெர்மனியோடு ரோம்-பெர்லின் அச்சு என்ற கூட்டை அறிவித்தார். 1938 மார்ச் 11 இரவு, ஆஸ்திரியாவுக்குள் நுழையும் முன் ஹிட்லர் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். ரோமிலிருந்து அவருடைய தூதரான ஹெஸ்ஸ இளவரசர் பிலிப் பேசினார், முசோலினிக்கு ஆட்சேபம் இல்லை என்றார். இதை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன் என்று சொல்லுங்கள், என்ன ஆனாலும் சரி, என்று ஹிட்லர் திரும்பத் திரும்பச் சொன்னது ஜெர்மானியர்களே எடுத்த குறிப்பில் பதிவாகியிருக்கிறது, போருக்குப் பின் அது நூரம்பெர்க்கில் வாசிக்கப்பட்டது. ஆட்சேபம் இல்லை என்றது, நாலு வருஷத்துக்கு முன் பிரென்னருக்குப் படை அனுப்பிய அதே முசோலினி.

ஆறு மாதம் கழித்துத்தான் மியூனிக்.

மார்ச் 8, இரவு 8.45

"அப்படியென்றால் எத்தியோப்பியாவைக் கொடுத்துவிட்டு முசோலினியைப் பக்கத்தில் வைத்திருக்கலாமே" என்கிறார் ஒருவர். நான் சொன்ன சங்கிலியை வைத்தே என்னை மடக்கப் பார்க்கிறார். இந்த யோசனை புதிதில்லை. 1935 டிசம்பரில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹோரும் பிரெஞ்சுப் பிரதமர் லவாலும் பாரிஸில் உட்கார்ந்து இதைத்தான் எழுதினார்கள். எத்தியோப்பியாவின் பெரிய பகுதிகளை இத்தாலிக்கு வெட்டிக் கொடுத்து, தெற்கே இன்னும் பெரிய பரப்பை அதன் பொருளாதார ஆதிக்கத்துக்கு விட்டுவிட்டு, பேரரசருக்குக் கடலுக்குப் போக ஒரு குறுகிய வழி. பிரெஞ்சுப் பத்திரிகைகளில் கசிந்தது. செப்டம்பரில் ஜெனீவா மேடையில் சங்க விதிகளுக்காக உறுதியாக நிற்போம் என்று பேசிய அதே ஹோர். அந்த வருஷம்தான் பிரிட்டனில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடுவீடாக நடந்த அமைதி வாக்கெடுப்பில் சங்கத்துக்கு ஆதரவு சொல்லியிருந்தார்கள். மக்கள் கொதித்தார்கள், டிசம்பர் 18இல் ஹோர் பதவி விலகினார்.

அடுத்தவன் நாட்டை, அவனைக் கேட்காமல், அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு வெட்டிக் கொடுப்பது. மியூனிக்கில் செக்குகளுக்கு நடந்ததும் வரிக்கு வரி இதேதான். மியூனிக்கைத் திட்டிவிட்டு ஹோர்-லவால் திட்டத்தை ராஜதந்திரம் என்று பாராட்டுபவர்கள், வெட்டுப்பட்ட நாட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

மார்ச் 10, இரவு 10.00

பொருளாதார மந்தம், வெர்சாய், மஞ்சூரியா. மூன்றையும் விட்டுவிட்டேன் என்று புகார்.

முதல் உலகப் போர் முடிவில் ஜெர்மனியோடு போட்ட வெர்சாய் ஒப்பந்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. அதில் ஜெர்மனி மேல் சுமத்திய நஷ்டஈடுதான் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்பார்கள். நஷ்டஈடு 1932 கோடையில் லொசானில் கிட்டத்தட்ட ரத்தாகிவிட்டது, ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30. கசப்பு மிச்சமிருந்தது, அதை மறுக்கவில்லை.

மந்தம் பெரிய காரணம்தான். 1928 தேர்தலில் நாஜிகளுக்கு 2.6 சதவீதம். வால் ஸ்ட்ரீட் விழுந்து, 1931 மே மாதம் வியன்னாவின் கிரெடிட்டான்ஸ்டால்ட் வங்கி விழுந்து, 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் அறுபது லட்சத்தைத் தொட்ட பிறகு, அந்த ஜூலையில் 37.3 சதவீதம். ஹிட்லர் ஏன் வந்தார் என்பதற்கு இது விடை. வந்தவரை ஏன் நிறுத்தவில்லை என்பது வேறு கேள்வி, இங்கே நாம் பேசுவது அதைத்தான்.

மஞ்சூரியாதான் எனக்குக் கஷ்டமான இடம். 1931 செப்டம்பர் 18 இரவு முக்டென் அருகே ரயில் பாதையில் ஜப்பானிய அதிகாரிகளே குண்டு வைத்துவிட்டுப் பழியைச் சீனர்கள் மேல் போட்டார்கள். வெடித்தது எவ்வளவு சிறியது என்றால், சற்று நேரத்தில் அதே தண்டவாளத்தில் ஒரு ரயில் கடந்து போயிருக்கிறது. அந்தச் சாக்கில் மஞ்சூரியா முழுவதையும் பிடித்தார்கள். சங்கம் அனுப்பிய லிட்டன் குழு நேரில் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை வெளிவர ஒரு வருஷம் ஆனது. 1933 பிப்ரவரி 24இல் 42 நாடுகள் அதை ஏற்றன, எதிர்த்தது ஜப்பான் மட்டும், அதன் பிரதிநிதி மட்சுவோகா தன் குழுவோடு எழுந்து போனார். சங்கம் முதலில் தோற்றது அங்கேதான், அப்படியிருக்க ஏன் 1935 என்கிறீர்கள் என்று கேட்டால், என் பதில் தூரம். மஞ்சூரியாவுக்குப் படை அனுப்ப அமெரிக்காவும் ரஷ்யாவும் இல்லாத சங்கத்தால் முடிந்திருக்காது. சூயஸில் எதையும் அனுப்ப வேண்டியதே இல்லை. சீன வாசகர் ஒருவரிடம் கேட்டால் போர் 1937 ஜூலை 7இல், மார்கோ போலோ பாலத்தில் தொடங்கியது என்பார், சிலர் 1931 என்றே சொல்வார்கள். அவர்கள் கணக்கை நான் மறுக்கவில்லை.

மார்ச் 11, காலை 6.40

அதே மாதிரி எத்தியோப்பியர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. என்னோடு ஒரே கப்பலில் வேலை பார்த்த எத்தியோப்பிய எஞ்சினியர் ஒருவர், இரண்டாம் உலகப் போர் 1939இல் தொடங்கியது என்று யாராவது சொன்னால் அமைதியாகத் திருத்துவார், எங்களுக்கு முப்பத்தைந்து என்பார். மே 5 அவர்களுக்கு விடுமுறை நாள். 1936இல் அடிஸ் அபாபா விழுந்ததும் மே 5, பேரரசர் ஹைலே செலாசி திரும்பி வந்து நுழைந்ததும் 1941 மே 5. மலைக்காட்டில் ஐந்து வருஷம் சண்டையை விடாமல் வைத்திருந்தவர்களுக்கான நாள் அது. ஒருநாள் விஷவாயு பற்றி அந்த எஞ்சினியர் பேச ஆரம்பித்தார், இரவு வாட்ச் முடிந்தும் நாங்கள் கீழே இறங்கவில்லை.

கடுகு வாயு. 1925 ஜெனீவா நெறிமுறை அதைத் தடை செய்தது, இத்தாலி 1928இல் அதை உறுதி செய்த நாடு. 1935 டிசம்பரிலிருந்து பயன்படுத்தினார்கள். முதலில் குண்டாகப் போட்டார்கள், பிறகு விமானத்தில் தெளிப்பான் பொருத்தினார்கள். 1936 ஜூன் 30இல் ஹைலே செலாசி ஜெனீவாவில் பேசியபோது இதை விவரித்தார். ஒன்பது, பதினைந்து, பதினெட்டு விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பறக்கும், அவை விடும் மூடுபனி இடைவெளி இல்லாமல் ஒரே விரிப்பாக இறங்கும். சிப்பாய், பெண்கள், குழந்தைகள், மாடு, ஆறு, குளம், மேய்ச்சல் நிலம் எல்லாவற்றின் மேலும். பெரும்பாலும் செருப்பில்லாமல் நடந்த ஒரு படை, புல்லில் ஒட்டிக்கொள்ளும் ஒரு திரவம். நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 30இல் மெல்கா டிடாவில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவ முகாம் மேலேயே குண்டு விழுந்தது.

ஹைலே செலாசி பேச எழுந்தபோது மேலே கேலரியில் இருந்த இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசில் அடித்தார்கள், ஊளையிட்டார்கள். ருமேனியாவின் டிட்டுலெஸ்கு எழுந்து அந்தக் காட்டுமிராண்டிகளை வெளியே துரத்துங்கள் என்று கத்தினார். காவலர் வந்து அவர்களை இழுத்துப் போகும் வரை பேரரசர் அசையாமல் நின்றார், பிறகு அம்ஹாரிக் மொழியில் பேசினார். என் மக்களிடம் நான் என்ன பதிலைக் கொண்டு போவது என்ற கேள்வியோடு முடித்தார். நான்கு நாள் கழித்து, தடைகளை நீக்கிவிடலாம் என்று சபை முடிவு செய்தது. ஜூலை 15இல் நீக்கினார்கள். இரண்டு மூன்று நாளில் ஸ்பெயினில் ராணுவக் கலகம் வெடித்தது.

மார்ச் 11, இரவு 9.30

இந்தியா என்ன செய்தது என்று கேட்டவருக்கு. நாம் அடிமை நாடு, சங்கத்தில் நமக்கிருந்த இடத்திலும் பிரிட்டிஷார் சொன்னதுதான் நடந்தது. ஆனாலும் காங்கிரஸ் எத்தியோப்பியாவின் பக்கம் வெளிப்படையாக நின்றது. 1936 பிப்ரவரி கடைசியில் கமலா நேரு சுவிட்சர்லாந்தில் இறந்தார். நேரு ஊர் திரும்பும் வழியில் ரோமில் இறங்க வேண்டியிருந்தது, முசோலினி சந்திக்க விரும்புகிறார் என்று அங்கே ஒரு அதிகாரி பிடிவாதமாக நின்றார். அனுதாபம் சொல்லத்தான் என்றார்கள். நேரு பணிவாக, ஆனால் கண்டிப்பாக மறுத்துவிட்டார். அந்தச் சந்திப்பைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்துவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மனைவியை இழந்து சில நாளே ஆன மனுஷன், அந்த நேரத்திலும் எத்தியோப்பியாவை மறக்கவில்லை. லண்டனிலும் பாரிஸிலும் நாடும் கடற்படையும் வைத்திருந்தவர்களிடம் இல்லாத தெளிவு.

மார்ச் 14, மாலை 5.15

கடைசியாக வந்த கேள்வி, வாயுவைப் போட்டவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா.

இல்லை. பாடோலியோ "அடிஸ் அபாபா கோமகன்" பட்டம் வாங்கினார். 1943 ஜூலையில் முசோலினி வீழ்ந்ததும் இத்தாலியின் பிரதமரே அவர்தான், நேச நாடுகள் அவரோடுதான் போர் நிறுத்தம் பேசின. எத்தியோப்பியா அவரைப் போர்க் குற்றவாளியாக விசாரிக்கக் கேட்டது, யாரும் ஒப்படைக்கவில்லை. 1956இல் படுக்கையில் இறந்தார். அவருக்குப் பின் அங்கே ஆண்ட கிராட்சியானியின் மேல் 1937 பிப்ரவரி 19இல் கையெறிகுண்டு வீசப்பட்டது, அதற்குப் பழி தீர்க்க அடிஸ் அபாபாவில் மூன்று நாள் ஆயிரக்கணக்கானோரை வெட்டியும் சுட்டும் வீட்டோடு கொளுத்தியும் கொன்றார்கள். மே மாதம் டெப்ரே லிபானோஸ் மடத்தில் துறவிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கிராட்சியானிக்கு 1950இல் இத்தாலிய நீதிமன்றம் பத்தொன்பது வருஷம் கொடுத்தது, அது ஜெர்மானியர்களோடு ஒத்துழைத்ததற்காக. எத்தியோப்பியாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சில மாதத்தில் வெளியே வந்துவிட்டார்.

அக்சூமிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன 24 மீட்டர் கல்தூண் ரோமில் நின்றது. திருப்பித் தருவதாக 1947 சமாதான ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள், துண்டு துண்டாக விமானத்தில் வந்து சேர்ந்தது 2005இல். வாயுவைப் பயன்படுத்தியதை இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புக்கொண்டது 1996இல். அது வரைக்கும் அதைப் பற்றி எழுதிய அவர்கள் நாட்டு வரலாற்று ஆய்வாளர்களையே பொய்யர்கள் என்று திட்டினார்கள், மிரட்டினார்கள். கேட்ட நண்பரே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் 1935க்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எடுத்துப் பார்த்து இங்கே போடுங்கள்.